அமுங்கியே இருக்கட்டும் அந்த டப்பா!

ஆபரேஷன் முடிந்து 'டிரெயின்' குழாயோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்...

"டிரெயின் வெச்சிருக்கோம். நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்ல வெச்சுப் பார்த்துக்குங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும், "எந்த ஊர் டிரெயினு?" என்று பக்கத்தில் இருக்கும் பாட்டி கேட்டால் சிரிக்காதீர்கள். படித்தவர்களே திருதிருவென்று விழிக்கிற விஷயம் இது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். தையலும் போட்டாகிவிட்டது. ஆனால், தையலுக்குச் சற்றுத் தள்ளித் தோலிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வருகிறது. அதன் நுனியில் ரப்பர் உருண்டையோ, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவோ தொங்குகிறது. அதற்குள் ரத்தம் கலந்த நீர்!

"ஐயோ, இவ்வளவு ரத்தம் வெளியே போகுதே... ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று வீடே பதறும். நோயாளியோ அந்த டப்பாவைப் பார்க்கவே கூசி, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு படுத்திருப்பார்.

பதறவும் வேண்டாம், கூசவும் வேண்டாம். உடம்புக்குள் தேங்கக் கூடாத நீரை வெளியே இழுத்துக் காப்பாற்றுவது அந்த டப்பாதான். அதற்குக் கரண்ட் தேவையில்லை, பேட்டரி தேவையில்லை. உங்கள் கை மட்டும் போதும். ஆனால், அந்தக் கை செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நீர் எதற்காகச் சேருகிறது?

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். மார்பகத்தையும், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்த பிறகு, மேல் தோலுக்கும் அடியில் உள்ள தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. மெத்தையின் பஞ்சை எடுத்துவிட்டு உறையை மட்டும் மறுபடி தைத்த மாதிரி! அறுபட்ட நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்தும் நிணநீர்க் குழாய்களிலிருந்தும் கசியும் நீர் அந்த இடத்தில் வந்து சேரும்.

சேர்ந்தால் என்ன? மேல் தோல் அடித் தசையோடு ஒட்டினால்தான் புண் ஆறும். நடுவில் நீர் நின்றால் இரண்டும் ஒட்டாது. வீங்கும், வலிக்கும், தையலை இழுக்கும். தேங்கிய நீரில் கிருமி புகுந்துவிட்டால் சீழ் வைக்கும். புற்றுநோய் ஆபரேஷன் என்றால் இன்னொரு கவலையும் உண்டு. புண் ஆறினால்தான் அடுத்த கட்ட சிகிச்சையைத் தொடங்க முடியும். ஆறத் தாமதமானால் அதுவும் தள்ளிப்போகும்.

அதனால்தான் உள்ளே குழாய் வைத்து நீரை வெளியே எடுக்கிறார்கள். மார்பகம் மட்டுமல்ல. கழுத்து, வயிறு, முதுகு, எலும்பு என்று பல ஆபரேஷன்களில் தேவைக்கேற்ப இந்தக் குழாய் வைப்பதுண்டு.

"எங்க மாமிக்கு அதே ஆபரேஷன்தான், டிரெயினே வைக்கலையே?" என்று கேட்கிறீர்களா? அதுவும் சரிதான். தைராய்டு, முழங்கால் மூட்டு மாற்று போன்ற சில ஆபரேஷன்களில் எல்லோருக்கும் டிரெயின் வைப்பதால் பெரிய பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியதால், இப்போது பல டாக்டர்கள் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வைக்கிறார்கள். வைத்தாலும் காரணம் உண்டு, வைக்காவிட்டாலும் காரணம் உண்டு.

இங்க் ஃபில்லர் தத்துவம்!

புண்ணிலிருந்து நீரை வடிய விடுவது மிகப் பழைய வைத்தியம். கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ் காலத்திலேயே நெஞ்சில் கட்டிய சீழைக் குழாய் வைத்து வடித்திருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க டாக்டர் பென்ரோஸ், மெல்லிய ரப்பர் குழாயைப் புண்ணில் வைத்து நீரை வெளியே வடிய விட்டார். அவர் பெயரிலேயே அந்தக் குழாய் இன்றும் இருக்கிறது. ஆனால், அது திறந்த வழி. நீர் கட்டுத்துணியில் ஊறி ஈரமாகும். உள்ளிருந்து நீர் வெளியே வரும் அதே வழியில், வெளியிலிருந்து கிருமி உள்ளே போகலாம். எவ்வளவு நீர் வந்தது என்று அளக்கவும் முடியாது.

இதற்கு விடையாக வந்ததுதான் மூடிய முறை. 1950-களில் பிரான்ஸின் டாக்டர் ரெடான், குழாயைக் காற்று நீக்கிய பாட்டிலோடு இணைத்தார். 1970-களின் தொடக்கத்தில் ஜாக்சன், பிராட் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், தலைக்குள் தேங்கும் ரத்தத்தை வடிக்க சிலிக்கான் ரப்பர் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ரப்பர் உருண்டை வைத்த டிரெயினுக்கு 'ஜாக்சன் பிராட்' என்று அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் துருத்தி மாதிரியான டப்பாவைத்தான் அதிகம் பார்க்கலாம். 'ரோமோவாக்' என்று ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லியே பல நர்ஸ்கள் அதைக் குறிப்பிடுவார்கள்.

பெயர் எதுவானாலும் தத்துவம் ஒன்றுதான். பேனாவுக்கு இங்க் ஃபில்லரில் மை எடுத்தது நினைவிருக்கிறதா? மேலே உள்ள ரப்பரை அமுக்கி, நுனியை மையில் விட்டு, கையை எடுத்தால் மை தானாக மேலே ஏறும். அமுக்கிய ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அப்படித் திரும்பும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு மையை இழுக்கிறது.

டிரெயின் டப்பாவும் அதே மாதிரிதான். அமுக்கி, மூடியைப் போட்டுவிட்டால் அது மெதுவாக விரியப் பார்க்கும். விரிய விரிய, உள்ளே இருக்கும் நீரைச் சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டப்பா அமுங்கி இருக்கும்வரைதான் அது இழுக்கும். புஸ்ஸென்று உப்பி, முழு வடிவத்துக்கு வந்துவிட்டால் அது வெறும் பாத்திரம்தான்! 'டப்பா நல்லா குண்டா இருக்கு, எல்லாம் சரியா இருக்கு' என்று நினைத்துவிடாதீர்கள். பாதி வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். காற்றால் உப்பி இருந்தாலும் சரி, நீரால் நிரம்பி இருந்தாலும் சரி, இழுப்பது நின்றுவிட்டது என்று அர்த்தம். உடனே காலி செய்து மறுபடி அமுக்கி மூட வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

உடம்பிலிருந்து வருகிற எல்லாக் குழாயும் இந்த வகை அல்ல. நெஞ்சில் குழாய் வைத்து, அடியில் தண்ணீர் ஊற்றிய பாட்டிலோடு இணைத்திருந்தால் அதை வீட்டார் திறக்கவே கூடாது. சிறுநீர்ப் பையும் வேறு. முதுகு, மூளை ஆபரேஷன்களில் சில சமயம் 'இழுக்கக் கூடாது, தானாக வடிந்தால் போதும்' என்று டாக்டரே டப்பாவை அமுக்காமல் விட்டிருப்பார். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்முன் ஒரே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "சிஸ்டர், இதை நாங்க அமுக்கி வைக்கணுமா, வேண்டாமா?"

அமுக்கச் சொன்னால், உங்கள் கையால் ஒரு தடவை அவர் முன்னாலேயே செய்து காட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். பார்த்துக் கற்றது மறக்கும். செய்து கற்றது மறக்காது.

காலி செய்வது எப்படி?

காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாதி நிரம்பிவிட்டால் அப்போதும் காலி செய்ய வேண்டும். முழுவதும் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

1. சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். பார்த்துக்கொள்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

2. அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் கப், ஸ்பிரிட் பஞ்சு, நோட்டுப் புத்தகம், பேனா எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கப்பை வேறு எதற்கும் உபயோகிக்கக் கூடாது.

3. குழாயில் கிளாம்ப் இருந்தால் முதலில் அதை மூடுங்கள். அமுக்கும்போது நீர் திரும்பப் புண்ணுக்குள் போகாமல் இருக்க இது உதவும்.

4. டப்பாவின் மூடியைத் திறங்கள். திறந்ததும் 'புஸ்' என்று காற்று புகுந்து விரியும். பயப்பட வேண்டாம். மூடியின் உள்பக்கத்தை விரலால் தொடாதீர்கள்.

5. கவிழ்த்து எல்லா நீரையும் கப்பில் ஊற்றுங்கள்.

6. வாய்ப் பகுதியை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள்.

7. டப்பாவை முழுவதுமாக அமுக்குங்கள். அமுக்கிய கையை எடுக்காமலேயே, மறு கையால் மூடியை இறுக்கமாகப் போடுங்கள். கையை எடுத்துவிட்டு மூடினால் பிரயோஜனம் இல்லை!

8. கிளாம்பைத் திறந்துவிடுங்கள். அவசரத்தில் பலர் மறப்பது இதைத்தான். டப்பா சப்பையாக, அழகாக இருக்கும். ஆனால் ஒரு சொட்டுகூட வராது. உள்ளே நீர் கட்டிக்கொண்டிருக்கும்.

9. கப்பில் உள்ள அளவைப் பார்த்து எழுதுங்கள். நீரைக் கக்கூஸில் ஊற்றித் தண்ணீர் விட்டு, கப்பைக் கழுவி, மறுபடி கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்த சில நிமிடங்களில் ஒரு தடவை டப்பாவைப் பாருங்கள். நீரே வராமல் அதற்குள் உப்பிவிட்டதென்றால் எங்கோ காற்று புகுகிறது. மூடி சரியாக இறுகியிருக்கிறதா, குழாய் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி அமுக்கி மூடுங்கள். அப்படியும் உப்பினால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். குழாய் தோலிலிருந்து சற்று வெளியே நழுவி வந்திருக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

தேதி, நேரம், எத்தனை மில்லி, என்ன நிறம். இந்த நான்கும்தான் கணக்கு. இரண்டு டிரெயின் இருந்தால் 1, 2 என்று நம்பர் போட்டுத் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே கணக்காக எழுதாதீர்கள். ஏனென்றால் எந்தக் குழாயை எப்போது எடுப்பது என்று டாக்டர் தனித்தனியாகத்தான் முடிவு செய்வார்.

நிறமும் ஒரு கதை சொல்லும். முதல் ஓரிரு நாள் சிவப்பாக இருக்கும். பிறகு ரோஸ் நிறமாகும். அதன் பின் வெளிர் மஞ்சள், கிட்டத்தட்ட வைக்கோல் நிறம். இப்படி மாறிக்கொண்டே, அளவும் குறைந்துகொண்டே வந்தால் புண் ஆறுகிறது என்று சந்தோஷப்படலாம். நூல் நூலாக ரத்தக் கட்டி குழாயில் தெரிவதும் சகஜம்தான். குழாயை விரலால் அழுத்தி வழித்துவிட நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். அப்போதும், தோல் பக்கத்துக் குழாயை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால்தான் டப்பாவை நோக்கி வழிக்க வேண்டும். இல்லாவிட்டால் தையலே இழுபடும்.

பெரும்பாலும் 24 மணி நேரத்தில் 20, 30 மில்லிக்குக் குறைவாக, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். 'எதுக்கும் இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே' என்று நாமே தள்ளிப்போடுவதும் தப்பு. குழாய் எவ்வளவு நாள் அதிகமாக இருக்கிறதோ, அந்த அளவுக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பும் அதிகம். உங்கள் நோட்டுக் கணக்கு சரியாக இருந்தால்தான் டாக்டரின் முடிவும் சரியாக இருக்கும். உத்தேசமாக, "கொஞ்சம் வந்துச்சு டாக்டர்" என்றால் அவர் என்ன செய்வார்?

படுக்க, நடக்க, குளிக்க...

டப்பா எப்போதும் புண்ணைவிடத் தாழ்வாக இருக்கட்டும். அதற்காகத் தொங்கவிட்டுவிடாதீர்கள். அதன் கனமே குழாயை இழுக்கும். டப்பாவில் உள்ள கொக்கி அல்லது காதில் ஊக்கு மாட்டி உடையோடு சேர்த்துக் குத்திக்கொள்ளலாம். ஊக்கு குழாயில் பட்டுவிடக் கூடாது. ஓட்டை விழுந்தால் எவ்வளவு அமுக்கினாலும் நிற்காது.

இன்னும் சுலபமான வழி: பழைய காட்டன் துணியில் சுருக்குப் பை தைத்து, இடுப்பிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்வது. கழுத்தில் மாட்டினால் நாடா நீளமாக இருக்கட்டும். பெண்களுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி வசதி. உள்பக்கம் ஒரு பாக்கெட் தைத்துவிட்டால் டப்பா வெளியே தெரியவே தெரியாது. யாராவது பார்க்க வந்தாலும் சங்கடமில்லை.

கதவுத் தாழ்ப்பாள், கட்டில் விளிம்பு, ஆட்டோவின் கம்பி இவற்றில் குழாய் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடியில் ஏறும் குழந்தைகளிடமும் ஜாக்கிரதை! படுக்கும்போது குழாய் இல்லாத பக்கம் திரும்பிப் படுங்கள். குழாய் உடம்புக்கு அடியில் மடங்கினால் நீர் நின்றுவிடும்.

டாக்டர் அனுமதிக்கும்வரை தலைக்கு ஊற்றிக் குளிப்பது வேண்டாம். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். மார்பக ஆபரேஷன் ஆனவர்கள் கையை அசைக்காமலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. விரலை மூடித் திறப்பது, முழங்கையை மடக்குவது எல்லாம் செய்யலாம். தோளுக்கு மேல் கையை எப்போது தூக்கலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகிகள் கேட்கக்கூடிய கேள்விகள்

*"பருப்பு சாப்பிட்டா சீழ் வைக்கும்னு மாமியார் சொல்றாங்களே?"*

வைக்காது. புண் ஆறுவதற்குப் புரதம்தான் முக்கியம். பருப்பு, பால், முட்டை, சுண்டல், மீன் எது ஒத்துக்கொள்கிறதோ அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் சீக்கிரம் ஆறும். பத்தியத்தைவிட அதுதான் அவசியம்.

*"தண்ணி நிறைய குடிச்சா டப்பாவுல நீர் ஜாஸ்தி வருமா?"*

வராது. குடிக்கிற தண்ணீர் நேராக இந்தக் குழாய்க்கு வருவதில்லை. வழக்கம்போல் குடியுங்கள்.

*"குழாயை எடுக்கும்போது மயக்க ஊசி போடுவாங்களா?"*

பெரும்பாலும் தேவைப்படாது. பிடித்திருக்கும் தையலை வெட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, சில விநாடிகளில் எடுத்துவிடுவார்கள். ஒரு சுரீர், அவ்வளவுதான். அந்தச் சின்ன ஓட்டை சில நாளில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை லேசாகக் கசியலாம்.

*"எடுத்த பிறகு மறுபடி வீங்கினா?"*

சிலருக்கு மறுபடி நீர் சேரும். யார் மேலும் தப்பில்லை. டாக்டரிடம் போனால் தேவைப்பட்டால் ஊசி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார். வீட்டில் பிதுக்குவது, ஒத்தடம் கொடுப்பது எதுவும் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

கீழே உள்ளவற்றில் எது நடந்தாலும் 'காலையில பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள்:

* பளிச்சென்ற சிவப்பு ரத்தம் திடீரென்று அதிகமாக வருவது. டப்பா மளமளவென்று நிரம்புவது.
* காய்ச்சல் 101 டிகிரிக்கு மேல், அல்லது குளிர் நடுக்கம்.
* குழாய் நுழையும் இடம் சிவந்து, சூடாகி, வலி கூடுவது. சீழ், துர்நாற்றம்.
* நன்றாக வந்துகொண்டிருந்த நீர் சட்டென்று நின்று, புண் பகுதி வீங்குவது.
* வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு பச்சையாகவோ பழுப்பாகவோ, கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு பால் மாதிரியோ, முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீர் மாதிரி தெளிவாகவோ நீர் வருவது.
* கழுத்து ஆபரேஷன் ஆனவருக்குக் கழுத்து வீங்கி மூச்சுத் திணறுவது. இதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108.
* குழாய் உருவிக்கொண்டு வந்துவிடுவது. அதைத் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது! சுத்தமான பஞ்சுத்துணி வைத்து அழுத்தி மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

கரண்ட் இல்லாத ஊரில்...

கையால் அமுக்கும் இந்தத் தத்துவம் ஆறாத பெரிய புண்களுக்கும் பயன்படுமா? சர்க்கரை நோயால் காலில் வரும் ஆழமான புண்களுக்கு 'வாக்கூம் டிரெஸ்ஸிங்' என்று ஒரு சிகிச்சை உண்டு. புண்ணில் ஸ்பாஞ்சு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குழாய் மூலம் இடைவிடாமல் உறிஞ்சுவார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த அர்ஜென்டா, மோரிக்வாஸ் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. ஆனால் வழக்கமான கருவிக்கு மின்சாரமோ பேட்டரியோ வேண்டும். செலவும் அதிகம்.

2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டைப் பூகம்பம் தாக்கியபோது, பெரிய பெரிய புண்களோடு மக்கள் கிடந்தார்கள். கரண்ட் எங்கே இருக்கும்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி டேனியல் ஜுரோவ்சிக், தான் உருவாக்கிய பிளாஸ்டிக் துருத்தி பம்ப்போடு அங்கே போனார். கையால் அமுக்கிவிட்டால் போதும், அது மெதுவாக விரிந்து உறிஞ்சும். தயாரிப்புச் செலவு சுமார் 3 டாலர்தான்! டாக்டர்களோடு சேர்ந்து சிலருக்கு அதைப் பொருத்திப் பார்த்தார். அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது பம்ப் அல்ல, ஒட்டிய தாளின் ஓரத்தில் காற்று புகுவதுதான். காற்று புகுந்தால் இழுப்பு போச்சு!

நம் வீட்டு டப்பாவுக்கும் அதே பாடம்தான். (வாக்கூம் டிரெஸ்ஸிங்கை மட்டும் வீட்டில் நாமே முயற்சிக்கக் கூடாது. அது டாக்டரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது.)

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நோயாளியே தினமும் இதைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். மார்பக ஆபரேஷன் முடிந்த பெண்ணுக்குத் தன் உடம்பைத் தானே பார்க்கத் தைரியம் வரவே நாளாகும். அந்த நேரத்தில் கணவரோ, மகனோ, மகளோ, "நீ சும்மா இரு, நான் பார்த்துக்கறேன்" என்று கப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அதுவே பாதி மருந்து. ஆண்களும் கற்றுக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை.

வீட்டில் இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்கட்டும். ஒருவர் வெளியூர் போனாலும் இன்னொருவர் இருப்பார். காலை காபிக்கு முன், இரவு படுக்கப் போகும்முன் என்று பழக்கப்படுத்திக்கொண்டால் மறக்காது. நடுநடுவே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள்: டப்பா அமுங்கி இருக்கிறதா? கிளாம்ப் திறந்திருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம்.